மடக்கும் ட்ரெட்மில்லில் ஓட முடியுமா?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறேன். வயது 38, உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 84 கிலோ. வாரத்தில் நான்கு நாள் சாலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஏறத்தாழ 32 நிமிடம் ஆகிறது. மழையாலும் தெருநாய்த் தொல்லையாலும் ஓட்டம் அடிக்கடி தடைபடுவதால், மடக்கி வைக்கக்கூடிய ட்ரெட்மில் ஒன்று வாங்க எண்ணி இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 27,000 ரூபாய்: 5 எச்.பி. பீக் மோட்டார், பெல்ட் 42க்கு 120 செ.மீ., எடை 46 கிலோ. சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும் என்கிறார் விற்பனையாளர். இரண்டாவது 64,000 ரூபாய்: 2.75 எச்.பி. தொடர்திறன் மோட்டார், பெல்ட் 50க்கு 138 செ.மீ., எடை 82 கிலோ. என் வரம்பு 60,000. பரண் உள்ள 10க்கு 11 அடி படிப்பறையில் வைக்க உத்தேசம். 11க்கு 17 அடி ஹால் இருந்தாலும் அதை அடைக்க மனமில்லை. மனைவியும் நடைப்பயிற்சிக்குப் பயன்படுத்துவார். ஏழு வயதில் மகன் இருக்கிறான். மடக்கும் கருவி ஓட்டத்தைத் தாங்குமா? கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு ஆகுமா? எதை வாங்கலாம்?

உடற்பயிற்சிக் கருவிகள் பராமரிப்புப் பொறியாளரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். பெல்ட்டின் அளவு, கருவியின் எடை, அறையின் அளவு என எல்லாவற்றையும் எழுதியிருப்பதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "நல்ல ட்ரெட்மில் எது?" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே உங்கள் கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிடுகின்றன. நீங்கள் பார்த்த இரண்டில் முதலாவது நடப்பதற்கான கருவி, இரண்டாவதுதான் ஓடுவதற்கானது. மடங்குகிறதா இல்லையா என்பதல்ல இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. இரண்டுமே மடங்குபவைதாம்.

விலை குறைந்த கருவியில் மோட்டார் பெரிதாகத் தெரிவதால் குழப்பம் வருவது இயல்பே. ஒரு எச்.பி. என்பது 746 வாட். அப்படியானால் 5 எச்.பி. என்பது 3,730 வாட். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட்டில் இதற்கு 16 ஆம்பியருக்கும் சற்று மேலாக மின்னோட்டம் வேண்டும். விற்பனையாளரோ 6 ஆம்பியர் பிளக்கே போதும் என்கிறார். அந்தப் பிளக்கிலிருந்து முறையாக எடுக்கக்கூடியது 1,380 வாட், அதாவது மோட்டாரிலும் மின்சுற்றிலும் வெப்பமாக வீணாவதைக் கழிக்காமலே 1.85 எச்.பி.தான். ஆகவே 'பீக்' என்ற சொல்லோடு அச்சிடப்படும் எண், மோட்டார் ஓரிரு நொடி எட்டிப் பிடிக்கும் உச்சத்தைக் குறிப்பதே தவிர, முப்பது நிமிடம் நீங்கள் ஓடும்போது அது தரும் திறனைக் குறிப்பதல்ல. ஒரே வாக்கியத்தில் 5 எச்.பி. என்றும் 6 ஆம்பியர் பிளக் என்றும் சொல்லும்போது அவர் தம்மை அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார். நீங்கள் கேட்க வேண்டியது தொடர்திறன் எவ்வளவு என்ற ஒரே கேள்விதான். அதற்கு நேரான பதில் வராத கடையில் மேற்கொண்டு நேரம் செலவிட வேண்டாம்.

தொடர்திறன் ஏன் முக்கியம் என்பது, ஓடும் பாதம் பெல்ட்டை என்ன செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் பெல்ட்டின்மீது இருக்கும்; ஓடும்போது இரண்டு பாதங்களும் ஒரு கணம் காற்றில் இருந்து, பிறகு ஒன்று மட்டும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையோடு விழும். உங்கள் எடைக்கு அது ஏறத்தாழ 170 முதல் 250 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். நிமிடத்துக்கு 160 தடவைக்குமேல் இது நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் பெல்ட், கீழுள்ள பலகையோடு அழுந்தி வேகம் குறையப் பார்க்கும். மோட்டார் அதை உடனே இழுத்துச் சரிசெய்ய வேண்டும். திறன் போதாத மோட்டாரில் காலுக்கடியில் பெல்ட் நொடிநேரம் தயங்குவதை நீங்களே உணர்வீர்கள். அந்தத் தயக்கத்தை ஈடுகட்ட ஓடுபவர் தம்மை அறியாமல் அடியைக் குறுக்கிக்கொள்வார். முழங்காலும் கெண்டைக்காலும் இறுகும். "ட்ரெட்மில்லில் ஓடினால் முழங்கால் வலிக்கிறது" என்று என்னை அழைத்தவர்களின் வீடுகளில் நான் கண்டது பல சமயம் முழங்காலின் குறை அல்ல, கருவியின் குறைதான்.

கனத்த உடல்வாகு உள்ளவர் மெதுவாக நடப்பதே மோட்டாருக்கு எளிது என்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. குறைந்த வேகத்தில் பெல்ட்டை நகர்த்த மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. அதே நேரத்தில் அதைக் குளிர்விக்கும் விசிறியோ மெதுவாகச் சுழல்கிறது. ஆகவே, நடப்பதற்கு மட்டுந்தானே என்று எண்ணி மிகச் சிறிய மோட்டாரை வாங்குவதும் சரியன்று.

அடுத்தது பெல்ட்டின் அளவு. 42 செ.மீ. அகலம் நடப்பதற்குப் போதும். ஓடும்போது, குறிப்பாகக் களைப்படையும் கடைசிப் பத்து நிமிடங்களில், உடல் இடமும் வலமுமாகச் சற்று அலையும். அப்போது பாதத்தின் விளிம்பு ஓரப்பலகையில் படும். நீளத்திலும் இதே கதைதான். 5 அடி 10 அங்குல உயரமுள்ளவருக்கு 120 செ.மீ. நீளம் என்பது, முன்னே மோட்டாரின் மூடியையும் பின்னே உருளையையும் நினைத்துக்கொண்டே ஓட வேண்டிய நீளம். ஓடுவதற்கு அகலம் 48 செ.மீ.க்கும் நீளம் 130 செ.மீ.க்கும் குறையக்கூடாது என்பது என் கணக்கு. உங்கள் உயரத்துக்கு 135க்குமேல் இருந்தால் நல்லது. இரண்டாவது கருவி இதில் தேறிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்பும் எண், விளம்பரத்தில் யாரும் பெரிய எழுத்தில் போடாத எண்: கருவியின் சொந்த எடை. இரும்புச் சட்டத்தின் கனம், பலகையின் தடிமன், உருளைகளின் விட்டம், மோட்டாரின் அளவு ஆகிய எல்லாமே கடைசியில் எடையாகத்தான் வந்து சேர்கின்றன. 46 கிலோ கருவியின்மீது 84 கிலோ மனிதர் ஓடினால், எவ்வளவு இறுக்கி முடுக்கியிருந்தாலும் அது அசையத்தான் செய்யும். "120 கிலோ வரை தாங்கும்" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை உடையாது என்ற பொருளில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலையாக நிற்கும் என்று அது சொல்லவில்லை.

இனி, மடக்குவதைப் பற்றி. மடக்கும் கருவி என்றாலே பலவீனம் என்ற கருத்து முன்பு ஓரளவு சரியாக இருந்தது. இன்று அப்படி இல்லை. பலகையைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தும் வகையில், ஹைட்ராலிக் தண்டு பாதி எடையைத் தாங்கிக்கொள்ள, இறக்கும்போது பலகை மெதுவாகத் தானே தரைக்கு வரும். பலகையை விரித்த நிலையில் அதன் பின்பகுதி தனிக் கால்களில் முழுமையாகத் தரையில் ஊன்றி, ஓட்டத்தின் விசை கீல்மூட்டின் வழியாகப் போகாமல் நேரே தரைக்குப் போனால், அந்தக் கருவியைக் கீல் ஒருபோதும் கெடுக்காது. கடையில் இதைச் சோதிப்பது எளிது. பெல்ட் நிற்கும்போது இருபுற ஓரப்பலகைகளிலும் கால்வைத்து நின்று, கைப்பிடித் தூண்களைப் பிடித்து முன்னும் பின்னும் வலுவாக ஆட்டிப் பாருங்கள். கைப்பிடி ஆடினால் அது இன்றைக்குத் தளர்ந்த போல்ட். அடுத்த ஆண்டு கீச்சிடும் சட்டம். கைப்பிடியே தரையோடு மடங்கிக் கட்டிலுக்கடியில் போகும் தட்டையான வகை ஒன்றும் கிடைக்கிறது. அது மேசையருகே நடப்பதற்கு உகந்தது. உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம்.

மடக்கினால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதிலும் தெளிவு வேண்டும். ஏறத்தாழ 180 செ.மீ. நீளமுள்ள கருவி மடங்கியபின் 100 செ.மீ. அளவுக்கு வரும், அகலத்தில் ஒரு விரற்கடையும் குறையாது. அடியிலுள்ள சக்கரங்கள் டைல்ஸ் தரையில் நன்றாக உருளும். ஆனால் 82 கிலோவை வாசற்படி தாண்டி அறைவிட்டு அறை தள்ளிக்கொண்டு போகலாம் என்று எண்ணாதீர்கள். என் அனுபவத்தில், படுக்கையறையிலும் படிப்பறையிலும் வைக்கப்படும் கருவிகளைப் பெரும்பாலோர் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு மடக்குவதே இல்லை. நாள்தோறும் மடக்கி நான் பார்த்தவை ஹாலில் இருப்பவை மட்டுமே. அங்கே விருந்தினர் வருவார்கள், அதனால் மடக்கித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில்தான் உங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லப் போகிறேன். படிப்பறை வேண்டாம். 11 அடி என்பது 335 செ.மீ.; கருவிக்கு 180, முன்புறம் பிளக்குக்கும் காற்றுக்குமாக 30 போனால், பின்னே மிஞ்சுவது 125 செ.மீ. மட்டுமே. ஓடும்போது தடுக்கினால் பெல்ட் உங்களைப் பின்னோக்கித்தான் எறியும். அங்கே சுவரோ மேசை விளிம்போ இருந்தால் சிராய்ப்போடு போகவேண்டியது தலைக்காயமாகிவிடும். பின்புறம் 2 மீட்டர் வெற்றிடம் விடுவதே முறை. கருவியின் பின்புறத்தைக் கதவை நோக்கித் திருப்பிவைத்தால் இடம் கிடைக்குமே என்று தோன்றலாம். ஆனால் ஏழு வயதுப் பையன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும் திசையும் அதுவே என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பரணும் ஒரு தடை. ஓடும் பலகை தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உயரம் 178. ஓட்டத்தில் உடல் எழும்புவது 8 முதல் 10 செ.மீ. மூன்றையும் கூட்டினால் 205 செ.மீ.யைத் தொடுகிறது, பலகையைச் சற்று ஏற்றமாக வைத்தால் இன்னும் கூடும். நம் வீடுகளில் பரண் பெரும்பாலும் 7 அடியில், அதாவது 213 செ.மீ.யில் இருக்கும். கருவியின் முகப்பைச் சுவரோரமாக வைத்தால் உங்கள் தலை பரணின் விளிம்புக்கு அருகிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

ஹாலில் இந்தச் சிக்கல்கள் இல்லை. 17 அடி நீளவாக்கில் வைத்தால் பின்னே மூன்று மீட்டர்வரை கிடைக்கிறது; மடக்கும் வசதிக்கு நீங்கள் கொடுக்கும் விலையும் அங்கேதான் பயன்படும். மின்விசிறிக்கு நேர்கீழே மட்டும் வைக்காதீர்கள். 8 அடி உயரத்தில் சுழலும் இறக்கை தலைக்குப் படாது. ஆனால் வியர்வை துடைக்கத் தூக்கிய கைக்கு எட்டிவிடும். நிற்கும் விசிறி ஒன்றை முன்பக்கம் பக்கவாட்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு மட்டுமல்ல, அதிகக் குளிர்ச்சியும் கூட.

கீழ்வீட்டாரின் தொந்தரவுக்கும் ஹாலே நல்ல விடை. உங்கள் அடுக்ககத்தில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டிருந்தால், உங்கள் ஹாலுக்குக் கீழே அவர்கள் ஹால்தான் இருக்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே யாரும் உறங்கிக்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு. தளம் தாங்குமா என்ற அச்சம் தேவையில்லை. குடியிருப்பு அறைகளை ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ பாரத்துக்கு வடிவமைக்க வேண்டும் என்று ஐ.எஸ். 875 தர ஆவணத்தின் இரண்டாம் பகுதி சொல்கிறது. கருவியும் நீங்களும் சேர்ந்து 166 கிலோ. அது ஒன்றரைச் சதுர மீட்டரில் பரவுகிறது. பிரச்சினை பாரமன்று, அதிர்வு. கீழே 8 அல்லது 10 மி.மீ. ரப்பர் விரிப்புப் போட்டால் மோட்டாரின் ரீங்காரம் நன்றாகக் குறையும். பாதம் விழும் 'தொம்' ஓசை கொஞ்சம்தான் குறையும். அந்த ஓசையைக் குறைக்க, அறையின் நடுவில் வைக்காமல் தூணுக்கோ உத்தரத்துக்கோ அருகே வையுங்கள்; தளம் அங்கேதான் குறைவாக அதிரும். வாங்கிய முதல் நாளே கீழ்வீட்டுக்குப் போய் நீங்களாகவே சொல்லி, மனைவி மேலே ஓட்டிக்காட்ட, நீங்கள் அவர்கள் ஹாலில் நின்று கேளுங்கள். புகார் வந்தபின் போய் விளக்குவதைவிட இது எளிது.

மின்னிணைப்பைக் கருவி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நீங்கள் வாங்கப் போகும் கருவிக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் தேவை, ஹாலில் ஏ.சி.க்கென்று போட்டது ஒன்று இருந்தாலும், அதையே இரண்டுக்கும் பகிராமல், எர்த் சரியாக உள்ள தனி இணைப்பாக எலக்ட்ரீஷியனை வைத்து இழுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்வெர்ட்டர் இணைப்பிலும் போடாதீர்கள். மின்சாரம் போனால் கருவி நிற்பதுதான் நல்லது. ஆனால் அது நிற்கும் விதம் திடீரென்று இருக்குமாதலால், மின்வெட்டு எதிர்பார்க்கும் நேரத்தில் ஓடாதிருப்பது மேல். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வேகத்தில் ஒரு தடவை ஓடினால் அரை யூனிட்டைச் சுற்றித்தான் வரும்.

மகனைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2021 மே மாதத்தில் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் 'ட்ரெட் பிளஸ்' கருவிகள் ஏறத்தாழ 1,25,000ஐத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று கருவியின் பின்புற அடியில் இழுக்கப்பட்டு இறந்ததும், வேறு பலர் காயமுற்றதும் அதற்குக் காரணம். அது விலை உயர்ந்த, உறுதியான கருவி. ஆபத்து மலிவான கருவியில் மட்டும் இருப்பதன்று; பெல்ட் சுழன்று உள்ளே நுழையும் பின்முனை எல்லாக் கருவிகளிலும் உண்டு. சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புப் பாதுகாப்புச் சாவியைப் பலரும் கருவியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் பெல்ட் நகராது என்பதால், ஓடி முடித்தவுடன் அதைக் கழற்றிப் பையனின் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் ஓடும்போது அவன் அதே ஹாலில் விளையாடக்கூடாது என்பதை வீட்டு விதியாகவே வையுங்கள். மடக்கி நிறுத்திய பலகையின் கொக்கி விழுந்த ஓசையைக் காதால் கேட்டபிறகே நகருங்கள். நிமிர்ந்து நிற்கும் அந்தப் பலகையைப் பிடித்து ஏறப் பார்க்காத பிள்ளை அரிது.

பணத்தைப் பொறுத்தவரை, 64,000 ரூபாய்க் கருவியில் பெரிய திரை, ஒலிபெருக்கி, இடுப்பில் மாட்டும் மசாஜ் பட்டை போன்றவை இருந்தால், அவை இல்லாத அதே தரக் கருவியைக் கேளுங்கள். உங்கள் வரம்புக்குள் வந்துவிடக்கூடும். தானாக ஏற்றம் மாறும் வசதிகூட உங்கள் ஓட்டத்துக்கு இன்றியமையாததன்று. சாலை ஓட்டத்துக்கு ஈடாக ட்ரெட்மில்லை 1 சதவீதம் ஏற்றி வைக்க வேண்டும் என்று பலர் சொல்வது, ஜோன்ஸ், டௌஸ்ட் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. எதிர்க்காற்று இல்லாததை ஈடுசெய்யும் அந்தக் கணக்கு வேகமாக ஓடுபவர்களுக்கே பொருந்தும், மணிக்கு 9.4 கிலோமீட்டரில் ஓடும் உங்களுக்கு வேறுபாடு மிகச் சிறிது. உங்கள் மனைவிக்குத்தான் ஏற்றம் பயன்படும். வேகத்தைக் கூட்டாமலே நடையைக் கடினமாக்க அதைவிட நல்ல வழி இல்லை. கையால் மூன்று நிலைகளில் மாற்றும் எளிய அமைப்பே அதற்குப் போதும். எப்படிப் பார்த்தாலும் வரம்புக்குள் வரவில்லை என்றால், 27,000 ரூபாய்க் கருவியை ஓட்டத்துக்கென்று வாங்காதீர்கள். சில மாதம் பொறுத்துப் பணம் சேர்த்துக்கொண்டு, அதுவரை சாலையிலேயே ஓடுங்கள்.

உத்தரவாதத்தில் "மோட்டாருக்கு வாழ்நாள்" என்ற வரியைக் கண்டு மயங்க வேண்டாம். நான் மாற்றியவற்றில் மோட்டாரைவிடக் கன்ட்ரோல் போர்டும் பெல்ட்டுமே அதிகம். மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, தூசி, எறும்பு, சில சமயம் உள்ளே புகுந்த பல்லி எனப் போர்டு போவதற்குப் பல காரணங்கள். அவ்விரண்டுக்கும் எத்தனை ஆண்டு, பழுதுபார்ப்பவரின் கூலி அதில் அடங்குமா, கோயம்புத்தூரிலேயே ஆள் இருக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையன்று. பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே சிலிக்கோன் எண்ணெயைக் கையேடு சொல்லும் இடைவெளியில், பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இடவேண்டும். வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றி, பெல்ட்டும் பலகையும் பசைபோல் ஒட்டிக்கொண்ட கருவி ஒன்றை நான் சுரண்டிச் சுத்தம் செய்திருக்கிறேன். அந்த மணம் இரண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை. பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால், பின்முனையிலுள்ள இடது போல்ட்டை ஆலன் சாவியால் வலஞ்சுழியாகக் கால் திருப்பு மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே முறையில் முழுத் திருப்பு வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஓடும் காலணியை அணிந்து, அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். மணிக்கு 10 கிலோமீட்டரில் பத்து நிமிடமாவது ஓடிப்பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் நடந்துபார்த்தால் எந்தக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு 4 கிலோமீட்டர் வேகத்தில் பாதத்தை அழுத்தி ஊன்றி நடந்து, பெல்ட் தயங்குகிறதா என்று கவனியுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் பெட்டியின் நீள அகலத்தைக் கேட்டு, உங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கதவையும் வீட்டு வாசலையும் அளந்து ஒப்பிடுங்கள். லிஃப்டில் நுழையாவிட்டால், மூன்று மாடியும் படிவழியே தூக்கிவந்து ஹாலில் பொருத்தித் தருவது யார் பொறுப்பு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.